ஏற்காட்டு வீட்டில் ஒரு பழைய பாரசீகக் கம்பளம்: துவைக்கலாமா?

ஜனவரி 28, மாலை (ஏற்காட்டிலிருந்து வந்த கேள்வி)

தாத்தா காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தவர். துரை சீமைக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன கம்பளம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆறரை அடிக்கு நாலரை அடி. 200 வருஷம் பழசு, ஷாவின் அரண்மனையில் கிடந்தது என்று தாத்தா சொல்வார். நடுவில் உள்ளங்கை அளவு ஓட்டை. ஒரு பக்கக் குஞ்சம் போய்விட்டது. கருப்புக் கோடுகள் எல்லாம் பள்ளமாக இருக்கின்றன, பூச்சி என்று நினைக்கிறேன். பவானி ஜமக்காளம் மாதிரி சோப்புத் தூளில் ஊறவைத்து மொட்டை மாடியில் காயப்போடலாமா? கடையில் விற்கும் குஞ்சம் வாங்கித் தைக்கலாமா? சரிசெய்தால் என்ன விலைக்குப் போகும் அண்ணா?

ஜனவரி 28, இரவு 9.50

ஊறவைக்காதீர்கள். காயப்போடாதீர்கள். குஞ்சம் தைக்காதீர்கள். விலையைப் பிறகு பேசலாம்.

ஜமக்காளம் பருத்தி, காரத்தைத் தாங்கும். உங்கள் கம்பளத்தின் மேலே நிற்பது ஆட்டு ரோமம். தலைமுடிக்கு யாராவது சலவைச் சோடா போடுவார்களா? அதே கதைதான். அதைவிடப் பெரிய ஆபத்து தண்ணீரின் எடை. நனைந்த கம்பளத்தை மாடிக் கைப்பிடிச் சுவரில் தொங்கவிட்டால், தன் பாரத்தாலேயே அடிப் பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்) அறுந்துவிடும். அதுவும் தை மாதப் பனியில் ஏற்காட்டில் அது காய மூன்று நாள் ஆகும். அதற்குள் பருத்திப் பாவில் பூஞ்சை பிடிக்கும். ரோமம் பார்க்க நன்றாகவே இருக்கும், அடியில் நூல் இற்றுப் போயிருக்கும்.

இப்போதே ஒரு சோதனை செய்யலாம். ஒரு மூலையை மட்டும் காதருகே பிடித்து மெல்ல மடக்கிப் பாருங்கள். அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் வந்தால் அடிநூல் இற்றுவிட்டது, உடனே நிறுத்திவிட்டு எழுதுங்கள். வராவிட்டால், பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். முன்பக்கம் வேண்டாம், பூவையும் கொடியையும் பார்த்து எனக்கு ஒன்றும் தெரியாது.

ஜனவரி 29, காலை 6.15

நான் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாபேட்டையில் பட்டுத் தறி வீட்டுப் பிள்ளை. இருபது வயதில் மெட்ராஸுக்குப் போய், ஒரு கம்பளக் கடையின் பழுதுபார்க்கும் அறையில் 6 வருஷம் தரையில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டேன். பிறகு சேலத்துக்கே வந்துவிட்டேன். இது எனக்குத் தொழில் இல்லை, யாராவது கொண்டுவந்தால் விட முடியாத பழக்கம்.

படம் அனுப்பும் வரைக்கும் கம்பளத்தை ரோமம் உள்பக்கம் வருகிற மாதிரி சுருட்டி, வேப்பிலையும் அந்துருண்டையும் போட்டு, பாலிதீன் பையில் கட்டி வையுங்கள்.

ஜனவரி 29, காலை 11.30

காலையில் எழுதியதை மறந்துவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் கடைக்காரன் பழக்கம் வந்துவிட்டது. ரோமம் வெளிப்பக்கம் வரவேண்டும். உள்ளே வைத்துச் சுருட்டினால் ரோமம் நசுங்கும், வெளியே வந்த அடிநூல் இழுபட்டு விண்ணென்று நிற்கும். கடைகளில் உள்ளே வைத்துச் சுருட்டுவது வண்டியில் ஏற்றும்போது அழுக்காகாமல் இருக்க. ஜவுளிக் கடையில் துணி சுற்றி வரும் கெட்டி அட்டைக் குழாய் கேட்டால் சும்மாவே தருவார்கள். அதற்கு ஒரு சுற்று துணி சுற்றி, அதன்மேல் ரோமம் படிந்திருக்கும் திசையிலேயே கம்பளத்தைச் சுருட்டி, கஞ்சி போகத் துவைத்த காடாத் துணியால் மூடுங்கள். பாலிதீன் வேண்டவே வேண்டாம். மலையில் பாலிதீனுக்குள் வேர்க்கும்.

அந்துருண்டையும் தேவையில்லை. பெயரில் அந்து இருக்கிறதே தவிர, திறந்த அறையில் அந்துப்பூச்சி அதற்குச் சாவதில்லை. மூச்சுத் திணறுவது நமக்குத்தான். வேப்பிலையும் நொச்சியும் பூச்சியை அண்டவிடாமல் கொஞ்சம் தடுக்கலாம், உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாது.

ஜனவரி 31, இரவு

படங்கள் வந்தன. அப்பளச் சத்தம் வரவில்லை என்கிறீர்கள், நல்லது. நடுவில் இருக்கும் மெடாலியனை (பெரிய நடுப்பூ) பார்த்தால் ஈரானின் தப்ரீஸ் நகரத்துக் கம்பளம் மாதிரி தெரிகிறது. (முன்பக்கம் வேண்டாம் என்று சொன்னவன்தான் முன்பக்கத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.) முடிச்சுகளை எண்ணினீர்களா? பின்பக்கம் ஸ்கேல் வைத்து, ஓர் அங்குலத்துக்குக் குறுக்கே எத்தனை, நெடுக்கே எத்தனை என்று எண்ணிப் பெருக்குங்கள்.

பிப்ரவரி 1

குறுக்கே 16, நெடுக்கே 7, ஆக 112 என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தைப் பெரிதாக்கி நானும் எண்ணினேன். நீங்கள் எண்ணியது மேடுகளை. ஒரே நிறத்தில் இரண்டிரண்டு மேடு ஜோடியாக வருகிறதா? அந்த ஜோடிதான் ஒரு முடிச்சு. அப்படியானால் 8க்கு 7, அதாவது சதுர அங்குலத்துக்கு 56. பாதியாகிவிட்டதே என்று வருத்தப்படாதீர்கள், பாரசீகக் கம்பளம் வாங்கிய எத்தனையோ பேர் ஏமாந்த இடம் இது.

ஜோடி மேடு வருவதற்குக் காரணம் உண்டு. கம்பளத்தில் இரண்டு வகை முடிச்சுகள். ஒன்று, ரோம நூல் இரண்டு பாவு இழைகளையும் தழுவிச் சுற்றி, இரண்டு நுனியும் நடுவில் ஒன்றாக எழுவது. இன்னொன்று, ஓர் இழையை முழுதாகச் சுற்றி, அடுத்ததன் அடியில் மட்டும் போய் வெளியே வருவது. முதலாவதைத் துருக்கி முடிச்சு என்றும் இரண்டாவதைப் பாரசீக முடிச்சு என்றும் சொல்கிறார்கள். பெயரை வைத்து நாட்டைச் சொல்லிவிட முடியாது. பாரசீகத்திலேயே பாதி ஊர்களில் துருக்கி முடிச்சுதான். உங்களுடையதும் அதுதான்.

பிப்ரவரி 2, அதிகாலை 4.40

தூக்கம் வரவில்லை. தப்ரீஸ் இல்லை தம்பி.

பின்பக்கப் படத்தை மறுபடி பார்த்தேன். ஒவ்வொரு முடிச்சு வரிசைக்கும் நடுவே ஊடை (குறுக்கே ஓடும் நூல்) எத்தனை தடவை போயிருக்கிறது? ஒரே தடவை. பொதுவாக இரண்டு தடவை போகும். ஒரு தடவை மட்டும் போனால் பாவு இழைகள் ஒன்றுவிட்டு ஒன்று வெளியே தெரியும், பின்பக்கம் முழுக்க அரிசி இறைத்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள், அடுத்த வரிசையில் இடம் மாறி, சதுரங்கக் கட்டம் போல. உங்கள் படத்தில் அப்படியேதான் இருக்கிறது. தறிக்காரன் பிள்ளை இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

ஒற்றை ஊடை, பருத்திப் பாவு, துருக்கி முடிச்சு, இரண்டு மீட்டர் நீளம் (கம்பள வியாபாரிகள் இந்த அளவை தோஸார் என்பார்கள், இரண்டு ஸார்). இது மேற்கு ஈரானில் ஹமதான் ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களின் நெசவு. நூற்றுக்கணக்கான கிராமங்களில் வீட்டுப் பெண்கள் நெய்து, ஹமதான் சந்தைக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறிய சரக்கு. அரண்மனை இல்லை. தாத்தாவிடம் சொல்ல வேண்டாம்.

பிப்ரவரி 2, மாலை

தாத்தா இறந்து 11 வருஷம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்கவும்.

200 வருஷமும் இல்லை. மூன்றாவது படத்தில் விரலால் ரோமத்தை விலக்கிப் பிடித்திருக்கிறீர்கள் அல்லவா? அந்த ஆரஞ்சுப் பூ மேலே மங்கிய சந்தன நிறம், அடியில் இன்றைக்கும் ஆரஞ்சு மிட்டாய். நுனிக்கும் வேருக்கும் இவ்வளவு வித்தியாசம் வந்தால் ஆரம்பகாலச் செயற்கைச் சாயம் என்று சந்தேகிக்கலாம். லண்டனில் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்ததே 1856இல். அது பாரசீகக் கிராமம் வரைக்கும் போய்ச் சேர இன்னும் சில பத்து வருஷம் ஆகியிருக்கும். ஆகவே நூறு வருஷம், கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். வியாபாரத்தில் நூறு தாண்டினாலே ஆன்டிக்தான், கவலைப்படாதீர்கள். சிவப்பு மட்டும் நுனியிலிருந்து வேர் வரைக்கும் ஒரே நிறம். அது மஞ்சிட்டி இனத்து வேர்ச்சாயமாக இருக்கும், நம் ஊர் மஞ்சிட்டிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். நீலம் அவுரி.

பிப்ரவரி 3

நீலத் தரையில் பட்டை பட்டையாக நிறம் மாறுகிறது, அதைச் சாயம் போட்டு ஒரே மாதிரி ஆக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடக்கூடாது. அதற்கு அப்ராஷ் என்று பெயர். ஒரு தொட்டிச் சாயத்தில் தோய்த்த நூல் தீர்ந்து அடுத்த தொட்டி நூல் வந்த இடம். நெய்தவளின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அழிக்கக் காசு வேறு கொடுப்பீர்களா?

கருப்புக் கோடுகள் பள்ளமாக இருப்பது பூச்சி வேலை இல்லை. கோட்டை மட்டும் பார்த்து அளவெடுத்தா தின்னும்? கரும்பழுப்புச் சாயத்துக்கு இரும்பு சேர்ப்பார்கள். நம் ஊரில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் கருப்பு எடுப்பது போல. அந்த இரும்பு வருஷக்கணக்கில் ரோமத்தை உள்ளுக்குள்ளேயே அரித்துப் பொடியாக்கும். அதனால்தான் சிவப்பும் நீலமும் மேடாக நின்று, கோடுகள் செதுக்கினது போல இறங்கியிருக்கின்றன. இதற்கு வைத்தியம் இல்லை, இது நோயும் இல்லை.

நடுவில் இருக்கும் ஓட்டைதான் பூச்சி. ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

பிப்ரவரி 5

"கசகசா மாதிரி சிவப்பு உருண்டைகள் இருக்கின்றன, சாயமா அண்ணா?" இல்லை தம்பி. புழு சிவப்பு ரோமத்தைத் தின்று போட்ட எச்சம், தின்ற நிறத்திலேயே வரும். கூடவே சிலந்தி வலை மாதிரி குழாய் ஒன்று ஒட்டியிருக்கிறதே, அது அதன் வீடு. ரோமத்தைத் தின்பது புழு மட்டும்தான். பறக்கிற அந்துக்கு வயிறே வேலை செய்யாது. அதை அடித்துக் கொன்றுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம்.

வீட்டில் வேறு கம்பளி, பட்டு, இறகு எதுவும் அந்த அறையில் இருந்தால் வெளியே எடுங்கள். கம்பளத்தை மலையிலிருந்து இறக்கிவிடலாம். பெரியம்மா பையன் ஐஸ்கிரீம் மொத்த வியாபாரம் செய்கிறான், அவனிடம் ஒரு பெரிய பெட்டி ஃப்ரீசர் சும்மா கிடக்கிறது.

பிப்ரவரி 9

வந்து சேர்ந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் தம்பி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார், பாவம். காடாத் துணியோடு பாலிதீனில் காற்றுப் போகாமல் ஒட்டி, மைனஸ் 20 டிகிரியில் வைத்தாயிற்று. இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பாலிதீனை உடனே பிரிக்கக்கூடாது, ஒரு நாள் அப்படியே கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த கம்பளத்தின் மேல் காற்றின் ஈரம் வேர்க்கும். பூச்சிக்குத்தான் பாலிதீன், மற்ற நாளில் கிடையாது. முன்பு சொன்னதோடு முரண்படுகிறது என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

பையன் கேட்கிறான், "என்ன பிளேவர் இது?"

பிப்ரவரி 14

ஃப்ரீசரில் இருக்கும் வரைக்கும் வேலை இல்லை, மற்ற கேள்விகளுக்கு வருகிறேன்.

பட்டுக் கம்பளமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சேலத்தில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்கலாமா? பின்பக்கம் ஓரத்தில் ஒரு இழை பிய்த்துக் கொளுத்துங்கள். முடி கருகுகிற வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டோ ரோமமோ. காகிதம் எரிகிற வாடை வந்தால் பளபளப்பேற்றிய பருத்தி. பட்டு என்று சொல்லி விற்பதில் அதுவும் உண்டு.

பழுதுக்கு நம் ஊர் ரோமம் கிடைக்குமா என்று இன்னொருவர். மேச்சேரி ஆட்டிடம் போகாதீர்கள், அது தோலுக்குப் பெயர் வாங்கிய ஆடு, உடம்பில் கம்பளியே கிடையாது. கறுப்புக் கம்பளி நெய்யும் குறும்பர் நூலை ஒரு தடவை முயன்று பார்த்தேன். தேங்காய் நார் தைத்த மாதிரி இருந்தது. நீலகிரி ஆட்டு ரோமம் மென்மை, அது கைக்கு வந்தால் யோசிக்கலாம்.

துவண்டுபோன கம்பளத்துக்கு ஜவ்வரிசிக் கஞ்சி போட்டால் விறைப்பாகுமே என்று மூன்றாமவர். சேலத்துக்காரர் என்று சொல்லாமலே தெரிகிறது. பாவுக்குக் கஞ்சி போடுவது தறியில் அறாமல் இருக்க. கம்பளத்துக்குப் போட்டால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து, மழைக்காலத்தில் பூஞ்சைக்குப் பந்தி.

பிப்ரவரி 26

இன்று தூசி எடுத்தோம். இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் முக்கால்வாசிப் பராமரிப்பும் இருக்கிறது.

கம்பளத்தைக் கெடுப்பது காலடி என்று நினைக்கிறோம். காலடி மட்டும் இல்லை, அடியில் இறங்கிய மணல். ஒவ்வொரு மிதிக்கும் அந்த மணல் முடிச்சின் கழுத்தை ரம்பம் மாதிரி அறுக்கிறது. இரண்டு கயிற்றுக் கட்டில்களைச் சேர்த்துப் போட்டு, கீழே வெள்ளை வேட்டி விரித்து, கம்பளத்தைக் குப்புற கிடத்தினேன். பின்பக்கத்தில் உள்ளங்கையால் தட்டினால் போதும், பிரம்பு வேண்டாம். முதல் தட்டுக்கு ஒன்றுமில்லை. பத்தாவது தட்டுக்கு வேட்டியில் மெல்லிய சாம்பல் நிறம். அரை மணி கழித்து ரோமத்தின் வேரிலிருந்து பொடி மண் கோடு கோடாக இறங்கியது, கட்டில் கயிற்றின் பின்னல் அப்படியே வேட்டியில் படமாக விழுந்தது. எல்லாம் கூட்டி அள்ளினால் அரைப்படி. ஏற்காட்டுச் செம்மண், காப்பிக்கொட்டைத் தோல், இரண்டு குண்டூசி, ஒரு சட்டைப் பித்தான்.

அப்புறம் முன்பக்கம் திருப்பி, வேக்குவம் குழாயின் வாயில் கொசுவலைத் துணி கட்டி, குறைந்த வேகத்தில், ரோமம் படிந்த திசையில் மட்டும் இழுத்தேன். குஞ்சத்தின் பக்கமே போகவில்லை. தூசி போனதும் சிவப்பு ஒரு படி எழுந்து நின்றது. தண்ணீர் இன்னும் படவில்லை.

பிப்ரவரி 27

சாயச் சோதனை. ஒவ்வொரு நிறத்தின் மேலும் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியை வைத்து, மேலே தண்ணீர் நிரப்பிய எவர்சில்வர் டம்ளர் பத்து நிமிஷம். சிவப்பு சுத்தம். நீலம் சுத்தம். பழுப்பு சுத்தம். ஆரஞ்சு துணியில் பூவாகவே இறங்கிவிட்டது.

ஆக, முழுக்கத் துவைப்பது கிடையாது. பிழிந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

பூந்திக்கொட்டைத் தண்ணீர் கேட்டவருக்கு: பட்டுக்கு நாங்கள் காலம் காலமாகப் போடுவதுதான், காரம் இல்லை. ஆனால் வெள்ளைப் பருத்திக் குஞ்சத்தில் பழுப்பு ஏறிவிடும். ஒரு தடவை ஏற்றியிருக்கிறேன்.

மார்ச் 2, இரவு 11

"சாயம் இறங்கினால் என்ன, உப்பும் வினிகரும் போட்டால் நிற்குமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்.

மெட்ராஸில் மூன்றாவது வருஷம். சோதனையில் ஒரு சிவப்பு லேசாக ஒட்டியது. வினிகர் இருக்கிறதே என்ற தைரியத்தில் தொட்டியில் இறக்கிவிட்டேன். தந்த நிறத் தரை, மூன்று நிமிஷத்தில் ரோஸ்மில்க். மேஸ்திரி வந்து பார்த்தார். திட்டவில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டு, "நிறுத்தாதே, ஓடிக்கிட்டே இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். விடிய விடிய ஓடவிட்டும் பாதிதான் போனது. வினிகர் சில சாயங்களுக்கு உதவும், எந்தச் சாயம் என்று கம்பளத்தில் எழுதியிருக்காது.

குஞ்சம் கதையும் ஒன்று. சேலத்தில் ஒரு சலவைக் கடையில் அத்தை வீட்டுக் கம்பளத்தைக் கொடுத்தோம். குஞ்சம் பால் வெள்ளையாக வந்தது, அத்தைக்கு ஏகச் சந்தோஷம். பிளீச்சிங் போட்டிருக்கிறார்கள். ஆறு மாதத்தில் குஞ்சம் கையோடு வந்தது. அதை ஒட்டிய ரோமமும் வந்தது, பிளீச்சிங் ரோமத்தைக் கரைத்தே விடும். குஞ்சம் அலங்காரம் இல்லை, பாவின் நுனி. அது போனால் கடைசி வரிசை முடிச்சு கழலும், அப்புறம் அடுத்தது.

மார்ச் 9

குஞ்சம் போன பக்கத்தில் பருத்தி நூலால், கடைசி ஊடையைப் பிடித்து, இரண்டு பாவுக்கு ஒரு தையல் வீதம் ஓரம் கட்டினேன். இரண்டு மாலை ஆனது. கடையில் விற்கும் குஞ்சத்தைத் தைத்திருந்தால் அரைமணி வேலை. மெஷின் ஊசி பழைய நூலை வரிசையாகக் குத்தி, தபால்தலை ஓரம் மாதிரி கிழிவதற்கு வழி செய்திருக்கும்.

மார்ச் 10

இனி ஓட்டை. நாலுக்கு நாலு அங்குலம், சுமார் 900 முடிச்சு. அதற்கு முன் ஓட்டைக்கு அப்பால் இரண்டு விரற்கடை வரைக்கும் புதுப் பாவு ஊசியால் கோத்து, ஊடை ஓட்டி, அடித்தளம் கட்ட வேண்டும். என்னால் முடியும். செய்யப் போவதில்லை.

மார்ச் 10, பிற்பகல்

படிக்கிறவர்களுக்கு இவ்வளவு கோபம் வருமென்று நினைக்கவில்லை. விளக்கம்.

புது ரோமத்துக்கு எந்த நிறம் கொடுப்பது? நுனி நிறத்துக்குப் பொருத்தினால் இன்றைக்குச் சரியாக இருக்கும். புதுச் சாயமும் பழைய சாயமும் ஒரே வேகத்தில் மங்காது, பத்து வருஷத்தில் ஓட்டை மறுபடி தெரியும், இந்தத் தடவை தழும்பாக. நான் போட்ட முடிச்சுகளை ஒரு கடையில் 15 வருஷம் கழித்துப் பார்த்தேன். பான் போட்டுத் துப்பிய கறை போல இருந்தது. அதை எடுத்துவிடலாம் என்றால் சுற்றியிருக்கும் பழைய பாவும் கூட வரும்.

உலகத்திலேயே பேர்போன பாரசீகக் கம்பளம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அர்தபில். 1539-40இல் முடிந்தது என்று அதிலேயே நெய்திருக்கிறது. 1893இல் 2000 பவுண்டுக்கு வாங்கினார்கள். அது இரட்டை. ஜோடிக் கம்பளத்தை வெட்டித்தான் இதன் ஓட்டைகளை அடைத்தார்கள். மிச்சம் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறது, ஓரப்பட்டை இல்லாமல். ஒன்றை முழுசாக்க இன்னொன்றை ஊனமாக்கினார்கள்.

மார்ச் 11

நேற்று எழுதியது கொஞ்சம் உபதேசமாகிவிட்டது. எல்லா ஓட்டையையும் அப்படியே விடு என்று சொல்லவில்லை. பூச்சி தின்ற ஓரம் தினமும் விரிகிறது, மிதிபடுகிற இடம், கொலுசு மாட்டி இழுக்கும் என்றால் அடைக்கத்தான் வேண்டும். முடிச்சுப் போட்டும் அடைக்கலாம், பிறகு பிரிக்கிற மாதிரிச் செய்தால். என் கை அந்த அளவுக்குச் சுத்தம் இல்லை என்பதுதான் உண்மை.

மார்ச் 16

தம்பியின் அம்மாவுக்கு ஓட்டை தெரியக்கூடாது. அதுவும் நியாயம்தான், அவர் வீடு. பழைய வேட்டித் துணியை மங்கின சிவப்பில் தோய்த்து, தண்ணீரில் சிவப்பு இறங்குவது நிற்கும் வரைக்கும் ஏழு தடவை அலசி, டம்ளர் சோதனையும் வைத்துவிட்டு, ஓட்டைக்குப் பின்னால் வைத்துத் தைத்தேன். சுற்றிலும் தளர்ந்த ஊடைகளை அந்தத் துணியோடு பிடித்தாயிற்று. நின்று பார்த்தால் கண் தாண்டிப் போகிறது. குனிந்தால் தெரியும். யார் குனிகிறார்கள்?

ஏப்ரல் 4

கம்பளம் ஏற்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நானும் கூடப் போனேன். பழைய இடத்தில், கிழக்கு ஜன்னலுக்கு நேர் கீழே, விரிக்கப் போனார்கள். தடுத்துவிட்டேன். அர்தபிலுக்கு அரை மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷம்தான் வெளிச்சம் போடுகிறார்கள். இங்கே ஆரஞ்சுப் பூ பாதி மங்கியதே அந்த ஜன்னல் உபயம். கூடத்தின் உள்சுவர் பக்கம் மாற்றி, அடியில் ஒரு பருத்தி விரிப்பு போட்டோம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தலைமாடு கால்மாடு மாற்ற வேண்டும், சோபாக் காலுக்கு அடியில் போகக்கூடாது, அதன் இருட்டில்தான் அந்து முட்டையிடும்.

விலை கேட்டீர்கள் அல்லவா தம்பி? ஓட்டை விழுந்த கிராமத்து ஹமதானுக்குப் பெரிய விலை கிடையாது. நான் செய்த வேலைக்குக் கூலி போட்டால் அதைவிட அதிகமாகிவிடும். அதனால்தான் கூலி போடவில்லை, ஒரு கிலோ காப்பித்தூள் வாங்கிக்கொண்டேன்.

மே மாதக் கோடை விழாவுக்குச் சொந்தக்காரர்கள் வருவார்களாம். அந்த ஒரு வாரம் சுருட்டி வைத்துவிடுங்கள். ரோமம் வெளிப்பக்கம்.

ஜூலை 20

ஆடி பிறந்து மழை பிடித்துவிட்டது, ஓரத்தைப் புரட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். படம் வந்திருக்கிறது. கசகசா இல்லை. வெள்ளைப் புள்ளிகள் காய்ந்தே இருக்கின்றன. கம்பளத்தின் நடுவில், சரியாக ஒட்டுப் போட்ட இடத்தில், ஒரு பூனை படுத்திருக்கிறது.

பூனையைப் பற்றி நீங்கள் சொல்லவே இல்லையே.